அடுப்பு முறை நாளில் ஒரு சோடியத் துண்டு

நாகலூருக்குப் போகிற வழியில் இருக்கும் ஒரு காப்பி எஸ்டேட்டின் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்த ஜெஸ்லினுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கெட்ட பழக்கம். ஜூன் மாதம் பள்ளியில் புத்தகம் கொடுத்தால் ஜூலைக்குள் படித்து முடித்துவிடுவாள். மற்ற பிள்ளைகள் புத்தகத்துக்கு அட்டை போட்டுப் பெயர் எழுதுவதற்குள் இவள் கடைசிப் பாடம் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். இதைப் போய் யாராவது கெட்ட பழக்கம் என்பார்களா என்று கேட்கலாம். ஜூலைக்குப் பிறகு மிச்ச வருஷம் முழுக்க அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்து என்ன செய்யும் என்று ஒருவரும் யோசித்ததில்லை, அதுதான் விஷயம்.

அப்பா சிங்கராயர் லோடு வேன் ஓட்டுகிறார். மலைக்கும் சேலத்துக்கும் இடையில் கொண்டை ஊசி வளைவுகளிலேயே பாதி ஆயுசு போய்விட்டது என்பார். அம்மா அற்புதம் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிறாள். இரண்டு பேருக்கும் மகள் படிக்கிறாள் என்பது தெரியும், என்ன படிக்கிறாள் என்பது தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் யாராவது விசாரித்தால், "நொம்ப நல்லாப் படிக்கிறாளுங்க" என்று அற்புதம் சொல்வாள், அதற்கு மேல் கேட்டால் சிரித்துவிடுவாள்.

பத்தாம் வகுப்பில்தான் சிக்கல் முற்றியது. ஏற்காடு டவுனில் அவள் படிக்கும் பெண்கள் பள்ளியில் அறிவியல் எடுப்பவர் சிவசக்தி டீச்சர். நல்ல டீச்சர், அதைச் சொல்லிவிட வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் வாழவந்தி, வெள்ளக்கடை என்று தள்ளியிருக்கும் ஊர்களிலிருந்து வருகிறவர்கள். மழை பிடித்துக்கொண்டு பஸ் வராவிட்டால் பாதி பெஞ்சு காலி. வராதவர்களுக்காக மறுநாள் அதே பாடத்தை டீச்சர் முதலிலிருந்து ஆரம்பிப்பார். வந்தும் புரியாதவர்களுக்காக அதற்கு மறுநாளும் ஆரம்பிப்பார். பொதுத்தேர்வில் ஒரு பிள்ளையும் ஃபெயிலாகக் கூடாது என்பது அவருடைய வைராக்கியம். அப்படித்தான் நவம்பர் மாத மழையில் மோல் கணக்கு என்னும் ஒற்றைக் கணக்கு, தேர் நிலைக்கு வராத மாதிரி, வகுப்பில் நின்றுகொண்டே இருந்தது.

ஜெஸ்லின் முதலில் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பெஞ்சுக்கடியில் பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தை வைத்துப் படித்தாள். அதிலும் ஆபத்து இருந்தது. படித்தால் கேள்வி வரும், கேள்வி வந்தால் அவளால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. "டீச்சர், சோடியத்தை ஏன் மண்ணெண்ணெய்க்குள்ள போட்டு வைக்கிறாங்க? அது தண்ணியில பட்டா நெசமாவே தீப்புடிக்குமா? நாம ஒருவாட்டி பாக்கலாமா?" என்று எழுந்து நிற்பாள். நாற்பது பேரும் திரும்பி அவளைப் பார்ப்பார்கள். மோல் கணக்கு அன்றைக்கும் பாதியில் நிற்கும்.

"அதெல்லாம் பிளஸ் ஒன்ல வரும், உக்காரு" என்று டீச்சர் ஒரு மாதம் சமாளித்தார். பிறகு ஒருநாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ஆய்வகத்துச் சாவியை உள்ளங்கையில் வைத்தார். மத்தியானப் பாடவேளையில் ஆய்வக அலமாரிகளைத் துடைத்து, பாட்டில்களை வரிசையாக அடுக்கி வைக்கட்டும் என்றார். ஜெஸ்லினுக்குச் சொர்க்கமே திறந்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து அந்தச் சாவியை நினைத்துத்தான் அவள் காலையில் பஸ் ஏறினாள். வகுப்பு எவ்வளவு ஊர்ந்தாலும் பரவாயில்லை, மத்தியானம் வரும், கதவு திறக்கும் என்று இருந்தாள்.

கீழ்த்தட்டில், பின்னால், ஒரு பழைய பாட்டில் இருந்தது. கலங்கிய மண்ணெண்ணெய்க்கு அடியில் அழுக்குச் சோப்புத் துண்டு மாதிரி ஏதோ கிடந்தது. வெளியே ஒட்டியிருந்த காகிதத்தில் சோடியம் என்று எழுதியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் அதில் ஒரு துண்டை பிளேடால் வெட்டினாள். வெண்ணெய் மாதிரி வெட்டுப்பட்டது. வெட்டிய இடம் ஒரு நொடி வெள்ளிக் காசு மாதிரி மின்னிவிட்டு மங்கியது. புளியங்கொட்டை அளவுத் துண்டு ஒன்று, கூடவே உதிர்ந்த இரண்டு பொடிச் சிம்பு, எல்லாவற்றையும் வீட்டிலிருந்து கொண்டுவந்த காலி இருமல் மருந்துக் குப்பியில் போட்டு, மூழ்குமளவு அந்தப் பாட்டில் மண்ணெண்ணெயையே ஊற்றி, மூடியைத் திருகிப் பையில் வைத்துக்கொண்டாள். சாயங்காலம் நிற்க இடமில்லாத பஸ்ஸில், ஈரக் குடைகளுக்கு நடுவில், அதை மடியில் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்க் குழியில் போட்டு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை பார்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

வீட்டுக்கு வந்ததும் தைரியம் போய்விட்டது. புத்தகத்தில் படிக்கும்போது வெறும் வரியாக இருந்தது, கையில் குப்பியாக இருக்கும்போது வேறு மாதிரி இருந்தது. குழிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வெடித்துச் சிதறினால்? கண்ணில் பட்டால்? திருட்டு வெளியே தெரிந்தால் டீச்சர் சாவியைப் பிடுங்கிவிடுவார், அப்புறம் அந்த வகுப்பில் எப்படி உட்காருவது? திங்கட்கிழமை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவது என்று முடிவு செய்து, குப்பியைச் சமையலறைப் பரணில் பழைய டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்தாள். மேலே ஒன்றும் எழுதி ஒட்டவில்லை. எழுதினால் அகப்பட்டுக்கொள்வோம் என்று பயம்.

திங்கட்கிழமை காலையில் யூனிஃபார்ம் போட்டு, பையை மாட்டி, ஸ்டூல் மேல் ஏறிப் பரணில் கையை விட்டாள். டப்பாக்கள் இருந்தன. குப்பி இல்லை.

இரண்டாம் தடவை தேடினாள். டப்பாக்களையெல்லாம் கீழே இறக்கினாள். கீழே, அடுப்பு மேடையில், தீப்பெட்டி வைக்கும் இடம் காலியாக இருந்தது. டீத்தூள் டப்பாவும் இல்லை, கருப்பட்டிப் பொட்டலமும் இல்லை. அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. இன்றைக்கு அம்மாவுக்கு அடுப்பு முறை.

பழம் பறிக்கும் மாதங்களில் அந்த எஸ்டேட்டில் ஒரு வழக்கம் உண்டு. காலை எட்டரை மணி வாக்கில் பறிக்கிற பெண்கள் எல்லாரும் காட்டுக்குள்ளேயே மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டி, பால் விடாத கட்டன் டீ காய்ச்சிக் குடிப்பார்கள். ஆளுக்கு ஒரு நாள் முறை. முறைக்காரி தூள், கருப்பட்டி, தீப்பெட்டி எல்லாம் கொண்டுவர வேண்டும், தீயும் அவள்தான் மூட்ட வேண்டும். நவம்பர் மழையில் ஊறிய சுள்ளியில் தீ மூட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மூட்டத் தெரியாதவளை மற்றவர்கள் அன்று முழுக்கக் கேலி செய்தே கொன்றுவிடுவார்கள். முன்பெல்லாம் ரேஷன் மண்ணெண்ணெய் நாலு சொட்டு விட்டால் பிடித்துக்கொள்ளும். இப்போது மண்ணெண்ணெய் கண்ணில் படுவதே இல்லை. பரணைக் குடைந்த அற்புதத்தின் கையில் ஒரு குப்பி அகப்பட்டிருக்கிறது, திறந்து மோந்திருக்கிறாள், புதையல் கிடைத்த மாதிரி இடுப்பில் செருகிக்கொண்டு போயிருக்கிறாள். பழுப்புக் குப்பியின் அடியில் என்ன கிடக்கிறது என்று வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது.

ஜெஸ்லின் அப்பாவின் பழைய போனை எடுத்து அம்மாவின் நம்பரை அழுத்தினாள். அம்மாவின் போன் உள் அறையில், சார்ஜரில், கணீரென்று அடித்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவளுக்கு உண்மையிலேயே பயம் பிடித்தது. பையைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள்.

அன்றைக்கு எந்தப் பிளாக்கில் பறிக்கிறார்கள் என்று தெரிந்த ஆள் ரைட்டர் மேக்ஸ்வெல். எஸ்டேட்டின் கணக்கு வழக்கெல்லாம் பார்ப்பவர். ஸ்டோர் வாசலில் நின்று யாரிடமோ போனில் சாக்குக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தார். மூச்சிரைக்க வந்து நின்றவளைப் பார்த்து, கையால் பொறு என்று சைகை காட்டினார்.

"ஏனுங்க, அம்மா எந்தப் பிளாக்குங்க?"

அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல், "என்ன கண்ணு, பள்ளிக்கூடம் போகலியா?" என்றார்.

உண்மையைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் ரைட்டருக்குத் தெரியும், சாயங்காலத்துக்குள் எஸ்டேட் முழுக்கத் தெரியும், நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். "அம்மா மாத்திரைய மறந்து வெச்சுட்டுப் போயிட்டாங்க" என்றாள்.

"அட, இதுக்கா இப்படி ஓடியார? இரு சாமி, பேசி முடிச்சுட்டு நானே அந்தப் பக்கந்தான் போறேன். குடுத்தர்றேன். நீ பஸ்ஸப் புடி."

கொடுப்பதற்கு மாத்திரை எங்கே இருக்கிறது? கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். அவர் பேசினார். மறுபக்கம் பேசுவதைக் கேட்டார். மறுபடியும் பேசினார். எதிர்ச் சரிவில் மூடுபனி இறங்கி சில்வர் ஓக் மரங்களை ஒவ்வொன்றாக மறைத்துக்கொண்டிருந்தது. இந்நேரம் கல்லைக் கூட்டியிருப்பார்கள் என்று ஜெஸ்லின் நினைத்தாள். இந்நேரம் சுள்ளி அடுக்கியிருப்பார்கள். தன் வாயிலிருந்து வந்த ஒரு பொய், அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் இப்படிச் சுவராக நிற்கும் என்று அவள் நினைக்கவே இல்லை. அழுகை வந்துவிட்டது.

அழுவதைப் பார்த்ததும் ரைட்டர் பேச்சை நிறுத்தினார். "ஓடைக்காட்டுல இருக்காங்க. அங்க டவர் கூட எடுக்காது. என்னாச்சு கண்ணு?" என்று கேட்டது அவள் முதுகில்தான் விழுந்தது. அவள் குறுக்குப் பாதையில் இறங்கிவிட்டாள்.

ஓடைக்காடு என்பது எஸ்டேட்டின் கடைசிப் பள்ளம். செம்மண் வழுக்கியது. காப்பிக் கிளைகள் முகத்தில் அடித்தன. இரண்டு இடத்தில் சறுக்கி விழுந்து, உட்கார்ந்தபடியே இறங்கினாள். போகப் போகப் புத்தகத்தில் படித்ததெல்லாம் வேண்டாத நேரத்தில் நினைவுக்கு வந்தது. தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வாயு. வாயு தீப்பிடிக்கும். தெறிக்கிற திரவம் காரம், தோலை அரிக்கும், கண்ணில் பட்டால் பார்வை போகும். வகுப்பிலேயே யாருக்கும் தெரியாத இதெல்லாம் தனக்குத் தெரியும் என்று போன வாரம் வரைக்கும் பெருமைப்பட்டது நினைவு வந்து, தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அம்மாவுக்குக் கண் போய்விட்டால்? சேசுவே, அம்மாவுக்குக் கண் போய்விட்டால்?

புகை வாசனை முதலில் வந்தது. பிறகு சிரிப்புச் சத்தம். தலையில் பிளாஸ்டிக் சீட்டை மழைக்குக் கொங்காணி போட்டுக்கொண்டு பெண்கள் அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். பிடிக்காத சுள்ளியிலிருந்து வெறும் புகையாக வந்துகொண்டிருந்தது. எல்லாரிலும் மூத்தவளான வெள்ளையம்மாள் தரையில் முழங்கையை ஊன்றி, முகத்தை அடுப்புக்கு ஒரு சாண் தூரத்தில் வைத்து ஊதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு குண்டா நிறையத் தண்ணீர். அற்புதம் அடுப்புக்கு மேலே குனிந்து, குப்பியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"அம்மா! ஊத்தாத! ஊத்தாதம்மா!"

பள்ளிக்கூட நேரத்தில் யூனிஃபார்மோடு மகள் அலறிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்தால் லோடு வேன் ஓட்டுகிறவனின் பெண்டாட்டிக்கு வேறு என்ன தோன்றும்? அற்புதத்தின் முகத்தில் ரத்தமே இல்லை. "கண்ணு! அப்பாவுக்கு என்னாச்சு?" என்று கத்திக்கொண்டே எழுந்தாள். எழுந்த வேகத்தில் மூடி எங்கேயோ விழுந்தது. குப்பி சாய்ந்து, பாதி மண்ணெண்ணெய் கையிலும் புடவையிலும் தரையிலும் கொட்டியது.

"அப்பா நல்லா இருக்காரு! அப்பாவுக்கு ஒண்ணுமில்ல! குப்பிய நிமுத்திப் புடிம்மா, ஆட்டாத, ஆட்டாத!"

அற்புதம் குப்பியை நிமிர்த்தினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். அப்புறம் கோபம் வந்தது. "அதச் சொல்லிக்கிட்டு வரக் கூடாதா? உசுரே போயிருச்சு எனக்கு. பள்ளிக்கூடம் போகாம இங்க என்ன வேல?"

"குப்பிய எங்கிட்டக் குடு."

"ஏன், அடுப்புக்குத்தான் கொண்டாந்தேன்." அற்புதம் விடவில்லை.

"நாலு சொட்டு ஊத்துனா புடிச்சுக்கும் சாமி, இங்க குடு" என்று வெள்ளையம்மாள் கையை நீட்டினாள். அது மழையில் நனைந்த கை.

"தொடாதீங்க! அதுக்குள்ள சோடியம் இருக்குதுங்க. தண்ணி பட்டாத் தீப்புடிக்கும்!"

வெள்ளையம்மாள் சிரித்தாள். அவள் சிரித்ததும் எல்லாரும் சிரித்தார்கள். "தண்ணி பட்டாத் தீ அவியுமா, புடிக்குமா? நல்லாப் படிக்க வெச்ச போ அற்புதம் உம் பொண்ண!"

ஜெஸ்லின் மறுபடியும் சொன்னாள். வேகமாகச் சொன்னாள், புத்தகத்தில் இருக்கிற மாதிரியே சொன்னாள். அவர்களுக்குப் புரியவில்லை. இன்னொரு தடவை சொன்னாள். இன்னும் புரியவில்லை. ஒருவருக்குப் புரியவைப்பதற்கு இத்தனை நேரம் பிடிக்குமா என்று அவளுக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இந்த நேரத்தை எடுத்துக்கொள்கிறார் என்றுதான் அவள் இத்தனை நாளும் சிவசக்தி டீச்சரை மனசுக்குள் திட்டித் தீர்த்திருந்தாள். இப்போது குப்பி திறந்திருக்கிறது, தூறல் விழுகிறது, இவளுக்கு அந்த நேரம் இல்லை.

புரியவைத்தது அவள் இல்லை. கொட்டிய எண்ணெயோடு ஒரு சிம்பும் வெளியே வந்து ஈர மண்ணில் விழுந்திருந்தது. நெல் உமி அளவுகூட இருக்காது. அது முதலில் உஸ்ஸென்றது. பாம்பு என்று நினைத்து ஒருத்தி காலைத் தூக்கினாள். அது சேற்றில் கிறுகிறுவென்று ஓடி, பட்டென்று ஒரு மஞ்சள் பொறியாக வெடித்தது. கொட்டியிருந்த மண்ணெண்ணெயில் தீ குப்பென்று முழங்கால் உயரத்துக்கு எழும்பியது. வெள்ளையம்மாள் முகம் வைத்து ஊதிக்கொண்டிருந்த அதே இடத்தில்தான் எழும்பியது. ஜெஸ்லின் போட்ட கூச்சலுக்கு நிமிர்ந்து பார்க்காமல் இருந்திருந்தால் அந்த முகம் அங்கேதான் இருந்திருக்கும்.

பெண்கள் அலறிப் புடைத்துக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி பதற்றத்தில் குண்டாத் தண்ணீரைத் தூக்கினாள். "தண்ணி வேண்டாங்க! மண்ணப் போடுங்க, மண்ணு!" என்று ஜெஸ்லின் தொண்டை கிழியக் கத்தினாள். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. கல்லுக்கடியில் காய்ந்து கிடந்த பழைய சாம்பலையும் அடிமண்ணையும் அள்ளிப் போட்டார்கள். தீ அடங்கியது. வெள்ளையம்மாள் புடவைத் தலைப்பு ஓரம் கருகியிருந்தது, அவ்வளவுதான் சேதம்.

அற்புதம் மட்டும் நகரவில்லை. குப்பி அவள் கையில்தான் இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உள்ள இன்னும் இருக்குதா?"

"பெரிய துண்டு இருக்கும்மா."

"எவ்வளவு பெருசு?"

ஜெஸ்லின் விரல் நுனியைக் காட்டினாள். தரையில் வெடித்ததன் அளவையும் அந்த விரல் நுனியையும் அற்புதம் மனசுக்குள் வைத்துப் பார்த்தது அவள் முகத்திலேயே தெரிந்தது. "ஓடையில வீசிரட்டுமா?" என்று கேட்டாள்.

"ஐயோ, தண்ணியில கூடாது."

"அப்ப என்ன பண்றது? சொல்லு கண்ணு. நீதான படிச்சிருக்க? சொல்லு."

அம்மா அவளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. இப்படியா அந்த முதல் தடவை வர வேண்டும்? ஜெஸ்லின் எல்லார் முன்னாலும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கேட்காமல் எடுத்தது என்றாள், அங்கேயே கொண்டுபோய்க் கொடுத்தால்தான் டீச்சர் சரியாக வைப்பார் என்றாள், அதுவரை குப்பி சாயக் கூடாது, நனையக் கூடாது என்றாள். திருட்டு என்ற வார்த்தையை அவள் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. வெள்ளையம்மாள் சாம்பலைக் கிளறி மூடியைக் கண்டுபிடித்து, உலர்ந்த துணியில் துடைத்துத் துடைத்துத் தூரத்திலிருந்தே நீட்டினாள்.

மூடியைப் போட்டதும் ஜெஸ்லின் குப்பியை வாங்கக் கை நீட்டினாள். அற்புதம் கொடுக்கவில்லை. தலையிலிருந்த பிளாஸ்டிக் சீட்டை எடுத்துக் குப்பியைச் சுற்றினாள். "நீ பின்னால வா. ஒட்டி வராத, தள்ளி வா."

"நான் கொண்டாரேம்மா. எனக்குத்தான் அதப்பத்தித் தெரியும்."

"எங் கண்ணு போனாலும் நான் தடவிப் பாத்துப் பழம் பறிச்சுக்குவேன். ஒனக்குப் படிக்கக் கண்ணு வேணும். தள்ளி வா."

ரோட்டுக்கு ஏறியதும் டவுனுக்குப் போகும் பஸ் வந்தது. கண்டக்டர் விசில் ஊதி, ஏறச் சொல்லிக் கூப்பிட்டார். அற்புதம் தலையை ஆட்டி மறுத்துவிட்டாள். "இத்தன சனத்துக்கு நடுவால இத வெச்சுக்கிட்டா உக்கார முடியும்?" என்றாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதே பஸ்ஸில், மடியில் குப்பியோடு, கைக்குழந்தைக்காரிக்குப் பக்கத்தில் தான் உட்கார்ந்து வந்ததை ஜெஸ்லின் அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை.

தூறலில் நடந்தார்கள். அற்புதம் கையை நேராக நீட்டி, உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிக்க முடியுமோ அவ்வளவு தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வண்டி ஏதும் வந்தால் ஓரமாக ஒதுங்கிப் புதர்ப் பக்கம் திரும்பி நின்றுகொள்வாள். மழையில் தலை நனைந்து முடி முகத்தில் ஒட்டியது, அதை ஒதுக்கவும் இன்னொரு கையைத் தூக்கவில்லை. வாய் மட்டும் அருள்நிறை மரியே என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. பின்னால் வந்த ஜெஸ்லின் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

வகுப்பு வாசலில் போய் நின்றபோது கரும்பலகையில் மோல் கணக்குத்தான் இருந்தது. சிவசக்தி டீச்சர் இவர்களைப் பார்த்தார். சேறு பூசிய யூனிஃபார்ம், சொட்டச் சொட்ட நனைந்த ஒரு அம்மா, நீட்டிய கை. சாக்பீஸை வைத்துவிட்டு வெளியே வந்தார். ஜெஸ்லின் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். டீச்சர் திட்டவில்லை. "ஆய்வகத்துக்கு வாங்க" என்றார்.

குப்பியை வாங்கப் போனால் அற்புதத்தின் விரல்கள் திறக்கவில்லை. இத்தனை தூரம் இறுக்கிப் பிடித்ததில் விறைத்துவிட்டன. ஜெஸ்லின்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்தாள். டீச்சர் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, இடுக்கியால் துண்டை எடுத்துப் பழைய பாட்டிலில் போட்டு, புது மண்ணெண்ணெய் ஊற்றி, அலமாரியைப் பூட்டினார். உலர்ந்த துணியால் அற்புதத்தின் கையை அழுத்தித் துடைத்துவிட்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சாவியக் குடு" என்றார்.

ஜெஸ்லின் கொடுத்தாள். அதைக் கொடுப்பது எவ்வளவு பெரிய விஷயமாக இருக்கும் என்று மூன்று நாளாகப் பயந்திருந்தாள். இப்போது ஒன்றுமே தோன்றவில்லை.

அற்புதம் பேசினாள். மகளின் பள்ளியில் அவள் வாய் திறந்து பேசியது அதுவே முதல் தடவை. "ஏனுங்க டீச்சர், சாவிய வாங்குனது சரிங்க. அடிச்சாலும் சரிங்க, நான் கேக்க மாட்டேன். ஆனா இவளச் சும்மா மட்டும் உக்கார வெச்சுராதீங்க. சும்மா இருந்தா இவ அடுத்தது எத எடுத்துக்கிட்டு ஊட்டுக்கு வருவான்னு எனக்கு நொம்பப் பயமா இருக்குதுங்க. இவளுக்கு ஏத்த மாதிரி எதாச்சும் சொல்லிக் குடுங்க. கும்புட்டுக் கேக்கறேனுங்க."

டீச்சர் கையிலிருந்த சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நான் படிச்சது தாவரவியலுங்க" என்றார் கடைசியில். "இவ கேக்குற பாதிக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியாது. எழுந்து நின்னாலே பயம். அதனாலதான் சாவியக் குடுத்து வெளிய அனுப்புனேன். தப்பு என்னுது." பிறகு ஜெஸ்லின் பக்கம் திரும்பினார். "இனிமே நீ கேட்டா நான் படிச்சுட்டு வந்து சொல்றேன். மெதுவாத்தான் வரும். பொறுத்துக்குவியா?"

ஜெஸ்லின் தலையை ஆட்டினாள்.

மணி அடித்தது. டீச்சர் வகுப்புக்குப் போனார். அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு வருகிறேன் என்று ஜெஸ்லின் வெளியே வந்தாள். அற்புதம் அதற்குள் முற்றத்துக் குழாயடிக்குப் போயிருந்தாள். கையில் சேறு, சாம்பல், மண்ணெண்ணெய் நாற்றம். ஆனால் அவள் குழாயைத் திறக்கவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டியபடி, குழாய்க்கு ஒரு எட்டுத் தள்ளி, அப்படியே நின்றுகொண்டிருந்தாள். மகள் வருவதைப் பார்த்ததும் கேட்டாள்:

"கண்ணு, நான் இப்பத் தண்ணியத் தொடலாமா?"

ஜெஸ்லின் குழாயைத் திறந்து, முதலில் தன் கையை நீட்டிக் காட்டினாள். பிறகு அம்மாவின் கைகளைப் பிடித்துத் தண்ணீருக்கடியில் கொண்டுவந்தாள். தண்ணீர் பட்டதும் அற்புதம் கண்களை இறுக்க மூடிக்கொண்டாள். ஒன்றும் ஆகவில்லை. ஜெஸ்லின் அழுதுகொண்டே அந்தக் கைகளைக் கழுவிவிட்டாள்.